90 கொடுத்தும் வெட்டிய சத்தம்: ரியல்டைம் கெர்னலில் இன்டரப்ட் முன்னுரிமை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

"1024-ல வெச்சா வெட்டல. ஆனா விரல் ஒரு இடத்துல இருக்கு, சத்தம் ஒரு இடத்துல இருக்கு. 64-க்கு இறக்கினா கரகரன்னு ஆயிடுது."

கீபோர்டு வாசிக்கும் நண்பர் தன் கணினியை என்னிடம் விட்டுச் செல்லும்போது சொன்னது இவ்வளவுதான். நான்கு கோர் கொண்ட பழைய மேசைக் கணினி. டெபியன் 11 லினக்ஸ், அதன் களஞ்சியத்திலேயே கிடைக்கும் 5.10 ரியல்டைம் கெர்னல், அதாவது அவசர வேலைகள் குறித்த நேரத்துக்குள் தொடங்கும்படி அமைத்த லினக்ஸ் மையப்பகுதி. யு.எஸ்.பி. 2 ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, அதை ஓட்ட ஜாக் (ஒலி நிரல்களை இன்டர்ஃபேஸோடு இணைக்கும் சர்வர்), ஜாக்கில் ஒரு மென்பொருள் சிந்தசைசர், அதற்குப் பின்னால் அறை எதிரொலி சேர்க்கும் ஒரு ரிவர்ப். வினாடிக்கு 48,000 சாம்பிள்.

கணினி ஒலியைத் துண்டு துண்டாகக் கையாள்கிறது. ஒரு துண்டுக்குப் பீரியட் என்று பெயர்; நண்பர் சொன்ன 1024-ம் 64-ம் ஒரு பீரியடில் எத்தனை ஃப்ரேம் (ஒரு கணத்தின் சாம்பிள்) என்ற கணக்கு. 1024 ஃப்ரேம் பீரியட் என்றால் ஒரு பீரியடுக்கே 21.3 மில்லி வினாடி. மூன்று பீரியட் பஃபர் வைத்தால் மொத்தம் 64 மில்லி வினாடி. அந்தத் தாமதத்தில் யாராலும் தாளத்தோடு ஒட்டி வாசிக்க முடியாது. 64 ஃப்ரேமுக்கு இறக்கினால் பீரியடுக்கு 1.33 மில்லி வினாடி, மூன்றுக்கும் சேர்த்து 4. வாசிக்கும் கைக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் அந்த 1.33 மில்லி வினாடிக்குள் கணினி தன் வேலையை ஒவ்வொரு முறையும் முடித்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் ஜாக் அதை எக்ஸ்ரன் என்று பதிவு செய்யும், காதுக்கு அது 'டக்' என்று கேட்கும்.

சராசரி வேகத்தில் இந்தக் கணினிக்கு ஒரு குறையும் இல்லை. ஜாக் காட்டும் டி.எஸ்.பி. சுமை (ஒலிக் கணக்கீட்டுக்குச் செலவாகும் நேரத்தின் பங்கு) முப்பது சதவீதத்தைத் தொடவில்லை. வேலை செய்ய நேரம் ஏராளமாக இருந்தும் சில தருணங்களில் வேலை தொடங்கவே தாமதமாகிறது என்பது முதல் நாளே புரிந்தது. அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் நான்கு நாள் ஆனது.

ஒரு பீரியட் நடந்து வரும் பாதை

ஆடியோ இன்டர்ஃபேஸ் தன் சாம்பிள்களை அனுப்புகிறது. கணினிக்குள் இருக்கும் யு.எஸ்.பி. கன்ட்ரோலர் அவற்றை நினைவகத்தில் வைத்துவிட்டு இன்டரப்ட் (சிபியுவின் கவனத்தைக் கேட்கும் சமிக்ஞை) எழுப்புகிறது. ரியல்டைம் கெர்னலில் அந்த இன்டரப்டின் முழு வேலையும் அங்கேயே நடந்துவிடாது. மிகச் சிறிய ஒரு துண்டு மட்டும் ஓடி, அந்த இன்டரப்டுக்கென்று இருக்கும் கெர்னல் த்ரெட்டை (தனியாக ஓடக்கூடிய ஒரு வேலை) எழுப்பிவிட்டுப் போய்விடும். அந்த த்ரெட் ஓடினால்தான் லினக்ஸின் ஒலிப் பகுதியான அல்சாவுக்கு "ஒரு பீரியட் முடிந்தது" என்று தெரியும். அல்சா சொன்னால்தான் ஜாக் விழிக்கும். ஜாக் விழித்தால்தான் சிந்தசைசரும் ரிவர்பும் விழிக்கும். அவை கணக்கிட்டு முடித்தது அதே வழியில் திரும்பிப் போய் ஸ்பீக்கருக்குச் சேரும்.

இப்படி இன்டரப்டை த்ரெட்டாக மாற்றியதால்தான் நமக்கு முன்னுரிமை என்ற பிடி கிடைக்கிறது. சாதாரணக் கெர்னலில் இன்டரப்ட் வந்தால் ஓடிக்கொண்டிருப்பது எதுவானாலும் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு அது ஓடும். சவுண்டும் ஒன்றுதான், வன்தட்டும் ஒன்றுதான். ரியல்டைம் கெர்னலில் ஒவ்வொன்றும், யார் எப்போது ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலருக்குக் கட்டுப்பட்ட த்ரெட். ஆளுக்கொரு எண் கொடுக்கலாம். (சாதாரணக் கெர்னலிலும் 2.6.39 முதல் 'த்ரெட்ஐஆர்க்யூஸ்' என்ற பூட் அளவுருவைக் கொடுத்து இதே வசதியைப் பெறலாம். 128 ஃப்ரேம் போதும் என்பவர்களுக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன்.)

ஆனால் கெர்னல் தானாக எல்லா இன்டரப்ட் த்ரெட்டுக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கிறது: ஃபிஃபோ வகுப்பு, முன்னுரிமை 50. ஃபிஃபோவில் சம எண் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட முடியாது. முன்னால் வந்தவர் தூங்கப் போகும்வரை பின்னால் வந்தவர் காத்திருக்க வேண்டும். நான்கு கோர் இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இன்டரப்ட் எந்தக் கோரில் வந்து இறங்குகிறதோ அந்தக் கோரிலேயே அதன் த்ரெட்டும் கட்டப்பட்டிருக்கும். பக்கத்துக் கோர் சும்மா இருந்தாலும் தாவிப் போகாது. இந்த விஷயம் பின்னால் பெரிதாக வரப்போகிறது.

முதல் நாள்: எண்கள் தலைகீழ்

எடுத்த எடுப்பில் த்ரெட்டுகளையும் அவற்றின் முன்னுரிமைகளையும் 'பிஎஸ்' கட்டளையில் பட்டியலிட்டேன். ஜாக் 95. சவுண்ட் த்ரெட் ஒன்று 90. மற்ற இன்டரப்டுகள் எல்லாம் 50.

ஜாக்குக்கு 95 கொடுத்தது நண்பர்தான். பெரிய எண் நல்லது என்ற எண்ணம் எல்லோருக்கும் முதலில் வருவதுதான். அதில் சிக்கல் என்னவென்றால், ஜாக்குக்குத் தகவல் கொண்டு வந்து கொடுப்பவர் இன்டரப்ட் த்ரெட். சமைப்பவர் அடுப்படியை அடைத்துக்கொண்டு நின்றால் காய்கறி கொண்டு வருபவர் உள்ளே வர முடியாது. ஜாக்கும் இன்டரப்ட் த்ரெட்டும் ஒரே கோரில் சேர்ந்துவிட்டால், ஜாக் முடிக்கும்வரை அடுத்த பீரியடின் இன்டரப்ட் வெளியிலேயே நிற்கும். ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: ஆடியோ இன்டரப்ட் மேலே, அதற்குக் கீழே ஜாக், அதற்கும் கீழே ஜாக்கின் கிளையன்டுகள் (சிந்தசைசரும் ரிவர்பும்), மற்றதெல்லாம் அதற்கும் கீழே. ஜாக்கின் இரண்டாம் பதிப்பு தன் கிளையன்டுகளுக்குத் தன்னைவிட 5 குறைத்துக் கொடுக்கும். ஜாக் 80 என்றால் அவை 75. அந்த 75-ம் மற்ற இன்டரப்டுகளின் 50-க்கு மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாக்கைத் தனக்கு இயல்பான 10-லேயே விட்டுவிட்டால், வன்தட்டின் இன்டரப்ட் கூட சிந்தசைசரைத் தள்ளிவிட்டு ஓடும்.

அடுத்து, அந்த 90. அது எந்த சவுண்ட்? பெயரைப் பார்த்தேன்: 'ஐஆர்க்யூ, 29, எஸ்என்டி எச்டிஏ' என்று ஆரம்பித்துப் பாதியில் அறுந்திருந்தது. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் உள் சவுண்ட் சிப். அதில் ஹெட்போன் கூட மாட்டியிருக்கவில்லை. யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸுக்குத் தனியாக இன்டரப்ட் கிடையாது. அது எந்த யு.எஸ்.பி. கன்ட்ரோலரில் தொங்குகிறதோ அந்தக் கன்ட்ரோலரின் இன்டரப்டுதான் அதற்கு. அந்தக் கன்ட்ரோலர் 50-லேயே கிடந்தது.

நண்பர் அதையும் யோசிக்காமல் இல்லை. பூட் ஆனதும் ஓடும் அவருடைய ஸ்கிரிப்டில் த்ரெட் பெயர்களில் 'எஸ்என்டி' தேடி 90, 'யுஎஸ்பி' தேடி 89 கொடுக்கும் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி வேலை செய்தது. இரண்டாவது வரி கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றும் செய்யாமல், ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் கடந்து போயிருக்கிறது.

காரணம் எழுத்து எண்ணிக்கை. இந்தக் கெர்னலில் த்ரெட் பெயருக்கு 15 எழுத்துதான் இடம். கன்ட்ரோலரின் முழுப் பெயர் 'ஈஎச்சிஐ எச்சிடி', பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு 'யுஎஸ்பி1'. அதற்கு முன்னால் 'ஐஆர்க்யூ', சாய்கோடு, 16, ஒரு கோடு. ஆங்கில எழுத்தில் எண்ணிப் பார்த்தால் 'எச்சிடி'யின் கடைசி எழுத்தோடு சரியாக 15 முடிந்துவிடுகிறது. முக்காற்புள்ளியும் யுஎஸ்பி1-ம் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. ஸ்கிரிப்ட் தேடிய சொல் பெயரிலேயே இல்லை. 'ப்ராக்' அடைவில் இருக்கும் 'இன்டரப்ட்ஸ்' கோப்பில் முழுப் பெயரும் அப்படியே இருக்கும், அதனால் அங்கே பார்த்துவிட்டு ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். அன்றிலிருந்து நான் பெயரை வைத்துத் தேடுவதில்லை. இன்டரப்ட்ஸ் கோப்பிலிருந்து எண்ணை எடுத்து, அந்த எண்ணுள்ள த்ரெட்டைப் பிடிப்பதுதான் நம்பகமான வழி. ரூயி நூனோ கப்பேலா எழுதிய ஆர்டிஐஆர்க்யூ ஸ்கிரிப்டைப் பயன்படுத்துபவர்களும், அது ஓடி முடிந்த பிறகு தங்கள் கன்ட்ரோலருக்கு உண்மையில் என்ன எண் விழுந்தது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

'சிஎச்ஆர்டி' கட்டளையால் 16-ஆம் இன்டரப்டின் த்ரெட்டுக்கு 90, ஜாக்குக்கு 80 கொடுத்தேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த எக்ஸ்ரன் மணிக்கு ஏழெட்டு என்ற அளவுக்கு இறங்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒரு பாட்டுக்கு நடுவில் ஒரே ஒரு 'டக்' கேட்டால் போதும், வாசிப்பவர் கணினியை நம்பமாட்டார்.

பகிர்ந்துகொண்ட கம்பி

மறுநாள் இன்டரப்ட்ஸ் கோப்பை நிதானமாகப் படித்தேன். 16-ஆம் வரியின் கடைசியில் இரண்டு பெயர்கள். யு.எஸ்.பி. கன்ட்ரோலர், அதன் பக்கத்தில் காற்புள்ளி போட்டு வைஃபை அட்டை. இரண்டும் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பகிர்ந்துகொண்டிருந்தன.

பழைய முறையில் கம்பி வழியாக வரும் இன்டரப்டுக்கு இப்படி நேர்வது சகஜம். ரியல்டைம் கெர்னலில் இரண்டுக்கும் தனித்தனி த்ரெட் உண்டு என்பதால், ஒன்றுக்கு 90 கொடுத்துவிட்டு மற்றதை 50-ல் விட்டால் போதும் என்று தோன்றும். போதாது. கம்பியில் இன்டரப்ட் வந்ததும் கெர்னல் அந்தக் கம்பியை மூடி வைக்கிறது. எழுப்பப்பட்ட எல்லா த்ரெட்டுகளும் தங்கள் வேலையை முடித்த பிறகுதான் மறுபடி திறக்கும். வைஃபை த்ரெட் முடிக்காதவரை, 90-ல் இருக்கும் யு.எஸ்.பி. த்ரெட்டுக்கு அடுத்த இன்டரப்ட் வந்தே சேராது.

வைஃபை த்ரெட் ஏன் முடிக்காமல் இருக்கும்? அது 50. அதே கோரில் 80-ல் ஜாக்கும் 75-ல் சிந்தசைசரும் வந்து ஓடினால் வைஃபை ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஆக, ஆடியோ இன்டரப்ட் வைஃபைக்காகக் காத்திருக்கிறது, வைஃபை ஜாக்குக்காகக் காத்திருக்கிறது. நாம் உயர்த்தி வைத்த எண்களே ஒன்றின் காலை ஒன்று வாரிவிடுகின்றன. ஒரு த்ரெட் பூட்டு (லாக்) ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்க, உயர்ந்த முன்னுரிமையில் இன்னொன்று அதற்காகக் காத்திருந்தால், ரியல்டைம் கெர்னல் முன்னுரிமைக் கடன் கொடுத்துப் பிடித்திருப்பவரை மேலே தூக்கிவிடும். மூடி வைத்த இன்டரப்ட் கம்பி ஒரு பூட்டே கிடையாது என்பதால் இங்கே அந்தக் கடனும் வராது. இவ்வளவு நேரம்தான் தாமதமாகும் என்று மேல்வரம்பு சொல்லவும் வழியில்லை.

வைஃபை த்ரெட்டையும் 90-க்கு ஏற்றுவது ஒரு வழி. நான் அதை விரும்பவில்லை. ஆடியோவின் கழுத்தில் வைஃபையை நிரந்தரமாகக் கட்டிவிட்டது போலாகும். கணினியின் பின்புறம் நீல நிற யு.எஸ்.பி. 3 சாக்கெட்டுகள் இரண்டு காலியாக இருந்தன. அவை வேறொரு கன்ட்ரோலரில், எக்ஸ்எச்சிஐ வகையில் இருந்தன. அதன் இன்டரப்ட் எம்எஸ்ஐ முறையில் செய்தியாக வருகிறது, கம்பிப் பகிர்வே கிடையாது. கேபிளைக் கழற்றி அங்கே செருகினேன். இன்டரப்ட்ஸ் கோப்பில் 27-ஆம் வரியின் எண்ணிக்கை ஓடத் தொடங்கியது, வரியின் கடைசியில் ஒரே ஒரு பெயர். அதன் த்ரெட்டுக்கு 90.

நண்பர் வெளி வன்தட்டு ஒன்றையும் இதே நீல சாக்கெட்டில்தான் மாட்டுவாராம். அதைப் பழைய கன்ட்ரோலருக்கு மாற்றினேன். ஒரே கன்ட்ரோலரில் இருந்தால் வன்தட்டின் வேலையும் அதே 90 த்ரெட்டுக்குள்தான் நடக்கும்; ஆடியோவுக்குக் கொடுத்த முன்னுரிமையை வன்தட்டும் சேர்ந்து அனுபவிக்கும்.

என்னைத் திசை திருப்பிய அளவீடு

இப்போது எக்ஸ்ரன் மணிக்கு ஒன்றிரண்டு. சில மணி நேரம் ஒன்றுமே இல்லை, பிறகு திடீரென்று அடுத்தடுத்து நாலைந்து. இந்த இடத்தில் நான் சைக்ளிக்டெஸ்ட் ஓட்டினேன். ரியல்டைம் அமைப்பில் எல்லோரும் முதலில் ஓட்டுவது அதுதான். அது காட்டிய உச்சத் தாமதம் ஐம்பது மைக்ரோ வினாடியைத் தாண்டவில்லை. 1,330 மைக்ரோ வினாடி பீரியடுக்கு முன்னால் ஐம்பது ஒன்றுமே இல்லை. எனவே கெர்னல் பக்கம் சரி, குறை சிந்தசைசரில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி ஒரு மாலை முழுவதையும் அங்கே செலவழித்தேன்.

சைக்ளிக்டெஸ்ட் அளப்பது வேறு. ஒரு டைமர் அடிக்கிறது, அந்த டைமர் இன்டரப்ட் த்ரெட்டாக மாற்றப்படாத வகை, அது உயர்ந்த முன்னுரிமையில் உள்ள ஒரு த்ரெட்டை நேரே எழுப்புகிறது. அந்தப் பாதை எவ்வளவு சுத்தம் என்று அது சொல்கிறது. நம் ஆடியோ வரும் பாதையில் யு.எஸ்.பி. கன்ட்ரோலரின் இன்டரப்ட் த்ரெட் இருக்கிறது, அதற்குள் யு.எஸ்.பி. பகுதியின் முடிவு வேலைகள் இருக்கின்றன. சைக்ளிக்டெஸ்ட் அந்தப் பக்கமே போவதில்லை. கணினியே இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்க அந்தக் கருவி நன்றாக உதவும். உதாரணமாக, மதர்போர்டின் ஃபர்ம்வேர் கெர்னலுக்குத் தெரியாமல் சிபியுவைப் பிடுங்கிக்கொள்ளும் கோளாறு இருந்தால் இதில் பளிச்சென்று தெரியும். அது இங்கே இல்லை என்பது மட்டும் உறுதியானது.

ட்ரேஸில் தெரிந்தது

மூன்றாம் நாள், எக்ஸ்ரன் எப்போது வருகிறது என்று கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். இன்னொரு கணினியிலிருந்து லேன் வழியாகப் பெரிய கோப்புகள் இறங்கும் நேரங்களோடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் நெட்வொர்க் த்ரெட் 50. யு.எஸ்.பி. த்ரெட் 90. எண்ணைப் பார்த்தால் தடுக்க வாய்ப்பே இல்லை.

கெர்னலுக்குள் நடப்பதைப் பதியும் எஃப்ட்ரேஸைத் திறந்து ஷெட்யூலர் நிகழ்வுகளை மட்டும் பதிய விட்டேன்: யார் எழுப்பப்பட்டார், யார் இறங்கி யார் ஏறினார், யாருடைய முன்னுரிமை கடனாக மாறியது. எக்ஸ்ரன் வந்த கணத்தில் பதிவு நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் வேண்டிய வரிகள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஜாக்கில் எக்ஸ்ரன் கால்பேக்கைப் பதிவு செய்துகொண்டு, அது அழைக்கப்பட்டதும் ட்ரேஸை அணைக்கும் கோப்பில் 0 எழுதும் ஒரு சின்ன சி நிரல் போதுமானது. ஓட விட்டு, கோப்பு இறக்கத்தைத் தொடங்கினேன். கால் மணி நேரத்துக்குள் நின்றது.

இந்த ட்ரேஸைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அதில் வரும் முன்னுரிமை கெர்னலின் உள் எண். 99-லிருந்து நம் எண்ணைக் கழித்தது. நாம் கொடுத்த 50 அங்கே 49 என்றும், 90 அங்கே 9 என்றும் வரும். சிறிய எண்தான் அங்கே பெரியவர். கடைசி வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

கோர் 1: நெட்வொர்க் த்ரெட் ஓடுகிறது, 49.
கோர் 1: எக்ஸ்எச்சிஐ த்ரெட் எழுப்பப்பட்டது, 9.
கோர் 1: நெட்வொர்க் இறங்குகிறது, எக்ஸ்எச்சிஐ ஏறுகிறது.
கோர் 1: முன்னுரிமைக் கடன். நெட்வொர்க் த்ரெட், பழையது 49, புதியது 9.
கோர் 1: எக்ஸ்எச்சிஐ இறங்குகிறது, நெட்வொர்க் ஏறுகிறது.

மூன்றாவது வரியில் நம் த்ரெட் உரிமையோடு ஏறுகிறது. சில மைக்ரோ வினாடியில் தானே இறங்கி, தன் 90-ஐயும் நெட்வொர்க்குக்குக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறது. அடுத்த முறை அது ஏறியபோது இரண்டு பீரியடுக்கு மேல் கடந்துவிட்டிருந்தது.

எதற்காக இறங்கியது? சாஃப்ட் ஐஆர்க்யூ பூட்டுக்காக. சாஃப்ட் ஐஆர்க்யூ என்பது இன்டரப்ட் பிறகு செய்யலாம் என்று தள்ளிவைக்கும் மீதி வேலை. இன்டரப்ட் த்ரெட் ஒவ்வொன்றும் தன் வேலையைத் தொடங்கும் முன் அந்தக் கோரின் சாஃப்ட் ஐஆர்க்யூக்களை நிறுத்தி வைக்கிறது, முடித்ததும் விடுவித்து, சேர்ந்திருப்பவற்றை ஓட்டுகிறது. ரியல்டைம் கெர்னலில் இந்த நிறுத்தி வைத்தல் என்பதே கோருக்கு ஒன்றாக உள்ள ஒரு பூட்டு. நெட்வொர்க் பாக்கெட்டுகளை வாங்கிப் பிரிக்கும் வேலை முழுவதும் அந்தப் பூட்டைப் பிடித்தபடிதான் நடக்கிறது. அதன் நடுவில் நம் த்ரெட் அதே கோரில் வந்தால், ஷெட்யூலர் அதை ஏற்றிவிடும், ஆனால் பூட்டு கிடைக்காது. நெட்வொர்க்குக்குத் தன் முன்னுரிமையைக் கடன் கொடுத்து, அது முடிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நெட்வொர்க் பகுதி ஒரே மூச்சில் 300 பாக்கெட் வரை எடுக்கலாம்; நேர வரம்பு கெர்னலின் டிக் (உள் கடிகாரத் துடிப்பு) வேகத்தைப் பொறுத்தது, வினாடிக்கு 250 டிக் உள்ள இந்தக் கெர்னலில் அது 8 மில்லி வினாடி. ஜிகாபிட் லேனில் முழு அளவு பாக்கெட்டுகள் வினாடிக்கு சுமார் 81,000 வரை வந்து குவியும். 300 பாக்கெட் வந்து சேரவே 3.7 மில்லி வினாடி. நம் மொத்த பஃபர் 4 மில்லி வினாடி. சராசரியில் தெரியாமல், கனமான இறக்கத்தின்போது மட்டும் ஏன் வெட்டியது என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

இங்கே 90-ஐ 95 ஆக்கினாலும் 98 ஆக்கினாலும் ஒரு மைக்ரோ வினாடி கூட மிச்சமாகாது. கடனாகப் போகும் எண்தான் பெரிதாகும். முன்னுரிமையை மட்டும் திருகிக்கொண்டே இருப்பவர்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். சாதாரணக் கெர்னலில் த்ரெட்ஐஆர்க்யூஸ் போட்டு ஓட்டினாலும் நிலைமை ஏறக்குறைய இதேதான். அங்கே சாஃப்ட் ஐஆர்க்யூ ஓடும்போது அந்தக் கோரில் வேறு த்ரெட் நுழையவே முடியாது.

கோரைப் பிரித்தல்

பூட்டு கோருக்கு ஒன்று என்பதால் இருவரையும் வெவ்வேறு கோரில் உட்கார வைத்தால் விஷயம் முடிந்தது. 'ப்ராக்' அடைவின் கீழ் 'ஐஆர்க்யூ', அதன் கீழ் 27, அதில் 'எஸ்எம்பி அஃபினிட்டி லிஸ்ட்' என்ற கோப்பு. அதில் 3 என்று எழுதினேன். நெட்வொர்க்கின் கோப்பில் 1. பக்கத்தில் 'லிஸ்ட்' இல்லாத இன்னொரு கோப்பும் இருக்கும். அதில் எழுத வேண்டியது பிட் மாஸ்க், கோர் 3-க்கு 8 (கோர்களின் எண் 0-லிருந்து தொடங்குகிறது). இரண்டையும் குழப்பிக்கொண்டு மாஸ்க் கோப்பில் 3 எழுதினால் கோர் 0-ம் 1-ம் சேர்ந்து விழும், பிறகு மணிக்கணக்கில் காரணம் தேட வேண்டி வரும். எழுதிய பிறகு இன்டரப்ட்ஸ் கோப்பில் எந்தப் பத்தியின் எண்ணிக்கை ஏறுகிறது என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். த்ரெட் உடனே இடம் மாறாது, அடுத்த இன்டரப்ட் வந்த பிறகுதான் தன் புதிய கோருக்குப் போகும்.

பத்து நிமிடம் சுத்தமாக ஓடியது. பிறகு மறுபடி 'டக்'. இன்டரப்ட்ஸ் கோப்பைப் பார்த்தால் 27-ஆம் வரி மீண்டும் கோர் 1-ல் ஏறிக்கொண்டிருந்தது. ஐஆர்க்யூ பேலன்ஸ் என்ற பின்னணிச் சேவை தன் கடமையைச் செய்திருக்கிறது: சில வினாடிக்கு ஒருமுறை இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. சர்வருக்கு அது தேவை. இந்தக் கணினியில் அதை நிறுத்தி, கணினி தொடங்கும்போதும் அது தொடங்காதபடி செய்தேன். அதை வைத்துக்கொண்டேதான் ஆக வேண்டும் என்றால் குறிப்பிட்ட இன்டரப்ட் எண்ணைத் தொடாதே என்று அதற்குச் சொல்லவும் வழி உண்டு.

ஜாக்கையும் சிந்தசைசரையும் எந்தக் கோரிலும் கட்டவில்லை. ஷெட்யூலர் காலியான இடத்தில் ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன், அதுவே நன்றாக ஓடியது. கோரைத் தனிமைப்படுத்தும் பூட் அளவுருவையும் தொடவில்லை. நான்கில் ஒன்றை ஒதுக்கிவிட்டால் சிந்தசைசருக்குக் குறையும். முன்னுரிமை 99-ஐ யாருக்கும் கொடுக்கவில்லை. ரியல்டைம் த்ரெட்டுகள் வினாடிக்கு 0.95 வினாடிக்கு மேல் ஓடக்கூடாது என்ற கெர்னல் வரம்பை எடுத்துவிடச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். அதை அப்படியே விட்டேன். முப்பது சதவீதச் சுமைக்கு அந்த வரம்பு தட்டவே தட்டாது. ஒரு சிந்தசைசர் பிழையாகிச் சுற்றத் தொடங்கினால் மேடையில் கணினியை மீட்க இருக்கும் ஒரே கயிறு அதுதான்.

சிபியு வேகத்தைப் பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைத்தது ஒரு சின்னத் திருத்தம். அதனால் டி.எஸ்.பி. சுமை குறைந்தது, எக்ஸ்ரனுக்கும் அதற்கும் சம்பந்தம் தெரியவில்லை.

நான்காம் நாள்

64 ஃப்ரேம், மூன்று பீரியட். லேனில் கோப்பு இறக்கம் தொடர்ந்து சுழற்சியில். வைஃபை இயங்கிக்கொண்டே. பழைய கன்ட்ரோலரில் வெளி வன்தட்டுக்கு நகலெடுப்பு. சிந்தசைசரில் அறுபத்து நான்கு குரல்களைப் பிடித்தபடி இரவு முழுவதும் விட்டேன். காலையில் எக்ஸ்ரன் எண்ணிக்கை 0.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகத் திருப்பியும் பார்த்தேன், எது எதற்குக் காரணம் என்று நிச்சயம் செய்துகொள்ள. கோர்ப் பிரிவை மட்டும் எடுத்தால் கோப்பு இறங்கும்போது வெட்டுகிறது. கோர்ப் பிரிவை வைத்துக்கொண்டு 27-ஆம் இன்டரப்டின் த்ரெட்டை 50-க்கு இறக்கினால், ஜாக் கோர் 3-க்கு வந்து சேரும்போது மட்டும் எப்போதாவது வெட்டுகிறது. இரண்டும் வேண்டும். 32 ஃப்ரேமுக்கும் இறக்கிப் பார்த்தேன். ரிவர்ப் நிறைந்து ஒலிக்கும்போது தாங்கவில்லை, அது உண்மையான கணக்கீட்டுச் சுமை, முன்னுரிமையால் தீர்வது கிடையாது. 64-லேயே நிறுத்திக்கொண்டோம்.

நண்பர் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் வேகமான ஸ்வரங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவே இல்லை. "இப்ப கையோட ஒட்டிருச்சு," என்றார்.

பின்னர் அவர் கணினியை 6.12 கெர்னலுக்கு மாற்றினோம். 2024 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து ரியல்டைம் வசதி தனி பேட்ச் இல்லாமல் மூலக் கெர்னலிலேயே கிடைக்கிறது. த்ரெட் பெயர்கள் அங்கே அறுபடாமல் முழுதாக வருகின்றன, இன்டரப்ட் எண்கள் மட்டும் மாறிவிட்டன. எண்ணை இன்டரப்ட்ஸ் கோப்பிலிருந்து தேடி எடுக்கும்படி எழுதிய ஸ்கிரிப்ட் ஒரு வரி கூட மாறாமல் ஓடியது. வேலை முடிந்ததும் அது திரையில் மூன்று வரி எழுதும்: ஆடியோ கன்ட்ரோலரின் எண், அதன் த்ரெட்டுக்கு இப்போது உண்மையில் உள்ள முன்னுரிமை, அதுவும் நெட்வொர்க்கும் எந்தெந்தக் கோரில். நண்பர் கீபோர்டைத் திறப்பதற்கு முன் அந்த மூன்று வரியைப் படிக்கிறார்.